காதில் குறும்பி அடைத்தால் வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக 18 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். வரிசையில் காத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை என்னிடம் கேட்பார்கள். "ஊக்கால் எடுத்தால் என்ன சிஸ்டர்?" என்பது முதல் "எண்ணெய் எத்தனை சூட்டில் விட வேண்டும்?" என்பது வரை அந்தக் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

காதில் சேர்வது உண்மையில் அழுக்குதானா?

இல்லை. அழுக்கு என்று பெயர் வைத்துவிட்டதால்தான் அதைத் தேடித் தேடிச் சுரண்டுகிறோம். நம் பெரியவர்கள் அதைக் குறும்பி என்றார்கள். காதைக் காப்பதற்காக உடல் சுரக்கும் பொருள் அது. தூசியையும் சிறு பூச்சிகளையும் பிடித்து நிறுத்தும், தண்ணீர் ஊறாமல் தோலைக் காக்கும். லேசான அமிலத்தன்மை இருப்பதால் கிருமிகளும் பூஞ்சையும் எளிதில் வளர முடியாது.

பெரியவர்களின் காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் மயிரும் சுரப்பிகளும் இருக்கின்றன. உள்ளே மீதியெல்லாம் எலும்பின்மேல் ஒட்டிய மெல்லிய தோல். அங்கே குறும்பி சுரப்பதே இல்லை. ஆகவே செவிப்பறையை ஒட்டிக் குறும்பி கிடந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு குச்சி அதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

சிலருக்குப் பிசுபிசுப்பாக இருக்கும், சிலருக்குத் தவிடுபோல் உதிரும். இதைத் தீர்மானிப்பது ஒரு மரபணு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் அதைக் கண்டறிந்தார்கள். இரண்டுமே இயல்புதான்.

அப்படியென்றால் காதைச் சுத்தம் செய்யவே வேண்டாமா?

வெளிமடலைத் துடைத்தால் போதும். குளித்து முடித்ததும் ஈரத் துண்டின் நுனியை விரலில் சுற்றி, விரல் எவ்வளவு போகிறதோ அவ்வளவு துடையுங்கள். காதுக்குழாயின் தோல், நகம் வளர்வதுபோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியும் அதோடு சேர்ந்து வருகிறது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது அந்த வேலைக்கு உதவுகிறது. அடைப்பு இல்லாதவர் காதுக்குள் எதையும் விட வேண்டியதில்லை, மருந்தும் வேண்டாம்.

பட்ஸ் போட்டால் குறும்பி ஒட்டிக்கொண்டு வருகிறதே?

பஞ்சில் ஒட்டி வருவது கொஞ்சம். புட்டுக் குழலில் மாவைக் குச்சியால் இடித்தால் எப்படி இறுகுமோ, அப்படி உள்ளே இறுகுவது நிறைய. தினமும் பட்ஸ் போடுகிறவர்களின் காதைப் பார்க்கும்போது, ஓரமெல்லாம் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். நேர் எதிரே செவிப்பறையை மறைத்தபடி ஒரு கரும்பழுப்புச் சுவர் நிற்கும். பல பட்ஸ் பெட்டிகளிலேயே காதுக்குழாய்க்குள் விடாதீர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

பிளாஸ்டிக் குச்சி பட்ஸுக்கு இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் தடை இருக்கிறது. அதனால் இப்போது மூங்கில் குச்சியிலும் காகிதக் குச்சியிலும் வருகிறது. அந்தத் தடை குப்பையைக் குறைப்பதற்காக வந்தது. மூங்கில் என்பதால் காதுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். செவிப்பறைக்கு எந்தக் குச்சியும் ஒன்றுதான்.

ஊக்கு, ஹேர்பின், வண்டிச் சாவி, கோழி இறகு?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஒரு நாள் மதியம் இளம் தாய் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். கைவிரல் இடுக்கில் ரத்தம். திண்ணையில் உட்கார்ந்து ஹேர்பினால் காது குடைந்துகொண்டிருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளை ஓடிவந்து முழங்கையில் மோதிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. செவிப்பறையில் ஓட்டை. சிறிய ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்; அவருக்கும் மூடியது. ஆனால் எல்லோருக்கும் மூடுவதில்லை. செவிப்பறைக்குப் பின்னால் கேட்கும் எலும்புகள் மூன்று இருக்கின்றன. குச்சி அதுவரை போனால் பாதிப்பு பெரிது.

கோழி இறகு மென்மையானதுதானே என்பார்கள். இறகின் காம்பு மென்மையானதல்ல. தோலைக் கீறிவிடும், கீறிய இடத்தில் கிருமி நுழையும்.

என் காதை அடைத்திருப்பது குறும்பிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காது மந்தமாவது, நிறைந்தாற்போல் இருப்பது, உள்ளே இரைச்சல், தன் குரல் தனக்கே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது, சில நேரம் லேசான வலி அல்லது தலைச்சுற்றல். காரணம் தெரியாத வறட்டு இருமல்கூட இருக்கலாம். காதுக்குழாயின் தோலுக்கு வரும் ஒரு நரம்பு, தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் பெரிய நரம்பின் கிளை. அதனால்தான் காது குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறது.

வீட்டிலேயே ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகுங்கள். அந்த ஒலி அடைத்த காதில் அதிகமாகக் கேட்டால், குறும்பி போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. நன்றாக இருக்கும் காதில் அதிகமாகக் கேட்டால், கோளாறு உட்செவியிலோ நரம்பிலோ இருக்கலாம். இது முடிவான சோதனை அல்ல, ஒரு குறிப்பு மட்டுமே.

ஒன்றை மறக்காதீர்கள். காலையில் எழுந்தபோது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால், "குறும்பியாக இருக்கும், நான்கு நாள் எண்ணெய் விட்டுப் பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம். நரம்பு சார்ந்த திடீர்ச் செவிட்டுத்தன்மையும் இப்படித்தான் வரும். அதற்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள்.

தலைக்குக் குளித்தேன், உடனே காது அடைத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே நிற்கிறதா?

தண்ணீர் கொஞ்சம், குறும்பி நிறைய. ஏற்கெனவே முக்கால்வாசி அடைத்திருந்த குறும்பி தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்கிறது. மிச்சமிருந்த சின்ன இடைவெளியும் மூடிவிடுகிறது. தீபாவளிக்கு மறுநாள் எங்கள் பிரிவில் கூட்டம் கூடுவது இதனால்தான். எண்ணெய்க் குளியல், குளத்துக் குளியல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தலையைச் சாய்த்துத் தண்ணீர் வடிய விடுங்கள். ஒற்றைக் காலில் குதிப்பது, உள்ளங்கையால் காதில் ஓங்கி அடிப்பது இரண்டும் வேண்டாம். மறுநாளும் அடைப்பு விடாவிட்டால் குறும்பியை இளக்கும் வழிக்கு வாருங்கள்.

குறும்பியை இளக்குவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில், கீழே வரும் "யாரெல்லாம் வீட்டில் எதையும் விடக்கூடாது?" என்ற கேள்வியைப் படித்துவிடுங்கள். அதில் நீங்கள் இல்லையென்றால் தொடரலாம்.

மருந்துச் சீசாவை மூடிய உள்ளங்கைக்குள் சில நிமிடம் வைத்திருங்கள். உடல் சூட்டுக்கு வந்தால் போதும். குளிர்ந்த மருந்து காதுக்குள் போனால் அறையே சுற்றும். உட்செவியின் சமநிலை உறுப்பு சூட்டு வேறுபாட்டை அப்படித்தான் உணர்கிறது. அடுப்பில் காட்டவும் கூடாது, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவும் கூடாது.

அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். பெரியவர்களுக்குக் காது மடலைப் பின்னும் மேலுமாக இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். சிறு பிள்ளைகளுக்குப் பின்னும் கீழுமாக இழுக்க வேண்டும். சீசா நுனி காதில் படாமல் மூன்று நான்கு சொட்டு விடுங்கள். துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தை விரலால் நான்கைந்து முறை மெல்ல அமுக்கிவிடுங்கள். மருந்து உள்ளே இறங்குவது உங்களுக்கே தெரியும். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள். விட்டதும் எழுந்து பஞ்சை அடைத்துக்கொண்டால் மருந்தைப் பஞ்சுதான் குடிக்கும். எழுந்த பிறகு வழிவதைத் துணியால் துடையுங்கள்.

காலையும் இரவும், மூன்று முதல் ஐந்து நாள். முதல் ஒன்றிரண்டு நாளில் காது இன்னும் மந்தமாகலாம். குறும்பி ஊறி உப்புவதால் அப்படி ஆகும். பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். அதற்காக பட்ஸை எடுத்து உதவப் போகாதீர்கள், உதவி என்று நினைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். தலையணை உறையில் பழுப்புக் கறை தெரியலாம். ஒன்றுமே தெரியாமல் அடைப்பு மட்டும் விலகவும் செய்யலாம். வலி, எரிச்சல், தலைச்சுற்றல் வந்தால் அந்த வேளையோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஐந்து நாளில் விலகவில்லை என்றாலும் அப்படியே.

எந்தச் சொட்டு மருந்து நல்லது?

ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய், சோடியம் பைகார்பனேட் சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு வகை, மருந்துக் கடையில் குறும்பிக்கென்றே விற்கும் கலவைகள் என்று பல இருக்கின்றன. இவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிக் காக்ரேன் அமைப்பு 2018இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. ஒரு மருந்து இன்னொன்றைவிட மேல் என்பதற்கோ, வெறும் தண்ணீரையும் உப்பு நீரையும்விட மேல் என்பதற்கோ உறுதியான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஆகவே விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். பொறுமையாக விடுவதுதான் முக்கியம்.

பெராக்சைடு வகை காதுக்குள் சோடாபோல நுரைக்கும், அந்த ஓசையில் திடுக்கிடாதீர்கள். தோல் வறண்டவர்களுக்கு அது எரியும்; எண்ணெய் வகை அவர்களுக்கு ஏற்றது. கொட்டை வகை ஒவ்வாமை இருப்பவர்கள் பாதாம் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். குறும்பிக்கு என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் "காது மருந்து" சீழுக்கானதாக இருக்கலாம்.

நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி விடலாமா?

என் பாட்டி விட்டிருக்கிறார். அந்தக் கையின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரண்டியில் காய்ச்சிய எண்ணெயின் சூட்டைப் புறங்கையில் தொட்டுப் பார்த்துக் கணிக்க முடியாது. புறங்கை தாங்கும் சூட்டைச் செவிப்பறை தாங்காது. எண்ணெய் சுட்டுச் செவிப்பறை வெந்துபோன காதுகளைப் பார்த்திருக்கிறேன். பூண்டுத் துணுக்கும் ஓமமும் உள்ளே தங்கிவிடுவதும் உண்டு.

இன்னொரு தொல்லை பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில், வாரா வாரம் எண்ணெய் விட்டு, ஈரம் காயாமல் இருக்கும் காதுக்குள் அது எளிதாகப் பிடிக்கும். நனைந்த காகிதத்தில் கரும்புள்ளி வைத்ததுபோல் உள்ளே தெரியும். அரிப்பு தாங்க முடியாது. அதைக் குறும்பி என்று நினைத்து மேலும் எண்ணெய் விடுகிறார்கள், பூஞ்சை மேலும் செழிக்கிறது. காது அரித்தாலே குறும்பி என்று முடிவு கட்டாதீர்கள். கட்டாயம் எண்ணெய்தான் வேண்டும் என்றால், காய்ச்சாத சுத்தமான எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, அடைப்பு இருக்கும்போது மட்டும், சில நாளைக்கு மட்டும்.

யாரெல்லாம் வீட்டில் எதையும் விடக்கூடாது?

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், எப்போதோ இருந்ததாகச் சந்தேகம் உள்ளவர்கள், சிறு வயதில் சீழ் வடிந்து நின்றவர்கள். காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தியவர்கள். இப்போது காதில் வலி, சீழ், ரத்தம், காய்ச்சல் இருப்பவர்கள். ஒரே ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் உள்ளவர்கள். இருக்கும் அந்த ஒன்றை வைத்துச் சோதனை செய்யக்கூடாது.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மிடையே அவர்கள் மிக அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத முதியவருக்குக் காதுக்குழாயில் சிறு கீறல் விழுந்து, குழாய்த் தண்ணீரில் இருக்கும் கிருமி உள்ளே போனால், தொற்று மண்டை எலும்பு வரை பரவலாம். இரவில் தூங்கவிடாத காது வலிதான் அதன் முதல் அடையாளம். சர்க்கரை உள்ளவர்கள் காதுக்குள் தண்ணீர் பீய்ச்சவே கூடாது. குடையவும் கூடாது. சொட்டு மருந்தைக்கூட மருத்துவரிடம் கேட்டுவிட்டு விடுங்கள்.

சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சி எடுப்பதை நாமே செய்யலாமா?

மருத்துவமனையில் செய்வதைப் பார்த்தால் எளிதாகத் தெரியும். தண்ணீர் 37 டிகிரி இருக்க வேண்டும். பீய்ச்சும் முனை செவிப்பறையை நேராகப் பார்க்காமல் குழாயின் மேல், பின் சுவரைப் பார்க்க வேண்டும். வேகம் அளவோடு இருக்க வேண்டும். செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை வீட்டில் யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே நான் வேண்டாம் என்கிறேன். மருந்து விட்டு ஊறிய பிறகு, குளிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் காதில் பட்டு வழிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காது மெழுகுவத்தி, கேமரா வைத்த குச்சி?

குறும்பியை உறிஞ்சி எடுக்கும் என்று சொல்லி, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைக் கொளுத்தும் மெழுகுவத்தி இது. அது எதையும் உறிஞ்சுவதில்லை. எரிந்த பின் அடியில் தெரியும் பழுப்புத் தூள் அந்த வத்தியின் மெழுகேதான். காதில் வைக்காமல் எரித்தாலும் அது வரும். தீக்காயம் பட்டவர்கள் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலேயே இதற்கு எதிராக எச்சரித்தது. கேமராக் குச்சியில் படம் தெளிவாகத் தெரியும், ஆனால் கை நடுங்குவதை அது தடுக்காது. வட இந்திய நகரங்களின் தெருக்களில் காது சுத்தம் செய்பவர்கள் பரம்பரையாக இருக்கிறார்கள். கைத்திறன் இருக்கலாம், கருவி ஒரு காதிலிருந்து அடுத்த காதுக்கு அப்படியே போகிறது.

கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டிய பின் காதில் எண்ணெய் விடலாமா?

கூடாது. காதில் ஊதுவதும் கூடாது. வெளியே வழிந்து நிற்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள், அவ்வளவே. பிள்ளை அடிக்கடி காதை இழுத்துக்கொண்டு அழுதால் குறும்பி என்று நினைக்காதீர்கள். சளியோடு வரும் நடுச்செவித் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயதானவர்களுக்கு ஏன் அதிகம் அடைக்கிறது?

வயதாக ஆகக் குறும்பி உலர்ந்து கெட்டியாகிறது. ஆண்களுக்குக் காது மயிர் தடித்து வழியை மறிக்கிறது. மெல்லுவதும் பேசுவதும் குறைகிறது. காதொலிக் கருவி போட்டிருந்தால் அதுவும் வழியை அடைத்துக்கொள்கிறது.

இதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. என் அப்பா ஒரு கட்டத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். பிறகு தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்தினார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "வயதாகிவிட்டது" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். நாள் முழுக்க அடுத்தவர் காதைப் பார்க்கிறவள், எட்டு மாதம் அவர் காதைப் பார்க்கவில்லை. ஒரு நாள் சட்டைப் பையில் வைத்திருந்த டார்ச்சை அடித்துப் பார்த்தேன், இரண்டு காதும் கறுப்பு. ஐந்து நாள் மருந்து விட்டு, எங்கள் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வலது காதிலிருந்து வந்தது புளியங்கொட்டை அளவு இருந்தது, ஸ்டீல் தட்டில் விழுந்தபோது சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே அப்பா திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்ததும், "இந்த மின்விசிறி இவ்வளவு சத்தம் போடுமா?" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம் என்றால், கருவி வாங்கும் முன் ஒருமுறை காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். மறதி அதிகமாகிவிட்டது என்று அழைத்து வருபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இயர்போன் போடுவதால் குறும்பி கூடுமா?

நாள் முழுக்கக் காதுக்குள் செருகி வைத்தால் வெளியேறும் வழி அடைபடும். அவ்வப்போது கழற்றி வையுங்கள், முனையைத் துடையுங்கள், இன்னொருவர் முனையைப் போடாதீர்கள்.

காதுக்குள் பூச்சி போய்விட்டால்?

உயிருள்ள பூச்சி என்றால், செவிப்பறையில் ஓட்டை இல்லாதவருக்குச் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். பூச்சி துடிப்பது நின்றுவிடும். பிறகு மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் பயறு, கடலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, ஊறிப் பெருத்துவிடும். பொத்தான் பேட்டரி என்றால் எதையும் விடாமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் தோலை அரித்துவிடும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, சிறு கொக்கி, உறிஞ்சும் குழாய், தண்ணீர் ஆகிய மூன்றில் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பார்கள். உறிஞ்சும் குழாய் பெரும் சத்தம் போடும், வலி அதிகம் இருக்காது. குறும்பி கல்லாக இருந்தால்தான் வலிக்கும். அதனால்தான் பல நேரம் "ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டுவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே போனால் அன்றே பார்த்துவிடலாம்.

உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியவை: முன்பு சீழ் வந்ததா, அறுவை சிகிச்சை நடந்ததா, சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, காதுக்குள் எதை விட்டீர்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பட்ஸின் பஞ்சு உள்ளே கழன்றிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், தேடி எடுக்க வசதியாக இருக்கும்.